வரப்பில்லாத இரும்பு

கப்பலூர் சிட்கோவில் மூன்றாம் ஷிப்ட்.
சோதனை மேசையில் நான், சூளையடியில் அபுதாகிர்.
டிரான்ஸ்பார்மருக்குள் போகப்போகிற இரும்புக்கு
அது கடைசிப் பரீட்சை.

நாடா மாதிரி சுருள் சுருளாய் வரும் இரும்பு.
தலைமயிரில் பாதிகூடக் கனம் இல்லை.
வெட்ட எடுத்தால்
நம் விரலைத்தான் முதலில் வெட்டும்.
இடது கட்டைவிரலில் மூன்று தழும்பு எனக்கு.
இஎஸ்ஐ மருத்துவமனைச் சீட்டுக்காரர்
பெயர் கேட்பதையே விட்டுவிட்டார்.

எங்கோ ஒரு ஆலையில்
சுழலும் செம்புச் சக்கரத்தின் மேல்
உருகிய குழம்பைப் பீய்ச்சுவார்களாம்.
நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி வேகத்தில் குளிரும்.
எண் எனக்குப் பிடிபட்டதில்லை,
இப்படி நினைத்துக்கொள்வேன்:

பொங்கலுக்கு முந்தின ராத்திரி
ஆரப்பாளையத்துக்குள் தேனி பஸ் நுழைகிறது.
சன்னல் வழியே துண்டு எறிகிறவர்,
பிள்ளையை ஏற்றிவிட்டுத் தான் ஏற முடியாதவள்,
படியில் ஒரு காலும் காற்றில் ஒரு காலுமாகக் கண்டக்டர்.
அந்தக் கணத்தில்
எல்லோரும் அப்படியே உறைந்துபோனால்?
யாரும் வரிசைக்கு வரவில்லை.
வர நேரம் தரப்படவில்லை.

நேரம் கிடைத்த இரும்பு வேறு.
நிதானமாக ஆறி
அணு அணுவாய்ப் பாத்தி கட்டிக்கொள்ளும்.
பாத்திக்குப் பாத்தி ஒரு வரப்பு.
நடவு முடிந்த சோழவந்தான் வயல் மாதிரி
பார்க்க அழகுதான்.
ஆனால் காந்தம் அதற்குள்
நொடிக்கு ஐம்பது தடவை
வடக்கே போய்த் தெற்கே திரும்ப வேண்டும்.
வரப்புக்கு வரப்பு கால் தட்டும்.
தட்டின இடமெல்லாம் சூடு.
கருமாத்தூரே விளக்கணைத்துப் படுத்த பிறகும்
கம்பத்து மேல் இருக்கிற பெட்டி
யாருக்கும் கொடுக்காமல்
தானே மின்சாரம் தின்றுகொண்டிருக்கும்.

எங்கள் இரும்பு தின்பது
அதில் மூன்றில் ஒரு பங்கு.
இரைச்சல் மட்டும் கொஞ்சம் கூடுதல்,
அதை ஏன் மறைக்க வேண்டும்?

அன்றைக்குச் சூளையின் வெப்பமானி பொய் சொன்னது.
முந்நூற்று அறுபது என்று காட்டிக்கொண்டே
ஐந்நூறைத் தாண்டிப் போய்விட்டது.
அபுதாகிர் மேல் தப்பில்லை,
உணர்கம்பியின் முனை கருகிக் கிடந்தது.
விடியக்காலை நாலு மணிக்கு
என் மேசைக்கு வந்த உள்ளகம்
அதே சாம்பல் நிறம், அதே பளபளப்பு.
மின்னூட்டினேன்.
வாட் மீட்டர் முள் ஏறியது,
நிற்கவேண்டிய இடத்தில் நிற்கவில்லை.
இணைப்பைக் கழற்றி மாட்டினேன். அதே ஏற்றம்.
மூன்றாம் தடவை
அவனும் வந்து பின்னால் நின்று பார்த்தான்.

நேரம் கிடைத்துவிட்டது அதற்கு.
உள்ளே எல்லோரும் வரிசைக்கு வந்துவிட்டார்கள்.

"ஒழுங்கா இருக்கிறது ஒரு குத்தமாக்கா?"
என்று கேட்டுவிட்டுச் சிரிக்கப் பார்த்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை,
ஒரு உள்ளகத்தின் விலை தெரியும்.
பதிவேட்டில் காரணம் எழுத
இரண்டு விரல் அகலம்தான் இடம்.
'படிகமாகிவிட்டது' என்று நுணுக்கி எழுதினேன்.
பழைய இரும்புக்குப் போகுமுன் எடை போட்டார்கள்.
ஒரு கிராம் குறையவில்லை.

திருநகர் இரண்டாவது ஸ்டாப்பில் இறங்கினேன்.
பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போகிற மொக்கைச்சாமி
பஞ்சுமிட்டாய்ப் பைகளின் வாயை
ஒவ்வொன்றாய் முடிந்துகொண்டிருந்தார்.
"காத்துப் பட்டா அமுங்கிப் போயிரும் தாயி."
உருகி, சுழன்று, நூலாகித் தெறித்து
வரிசைக்கு வருமுன் மாட்டிக்கொண்ட சர்க்கரை.
ஒன்று வாங்கினேன்.
வீட்டில் முடிச்சை அவிழ்த்து
சமையல் மேடையில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

சாயங்காலம் எழுந்து பார்த்தால்
பையின் மூலையில் இளஞ்சிவப்பாய் ஒரு கட்டி,
சுண்டுவிரல் நுனியளவு.
கடித்தேன்.
பல்லுக்கடியில் நறநறவென்று
ஒவ்வொரு வரப்பாய் உடைந்தது.